பர்மிங்ஹாம் விமான நிலையத்துக்குப் பேர் கொடுத்த பாஸ்டர்

சேலத்துக்காரன்

வேலை விஷயமாகப் போன மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போக வேண்டி வந்தது. இறங்கி வெளியே வந்தால் பலகையில் ‘பர்மிங்ஹாம்-ஷட்டில்ஸ்வொர்த் சர்வதேச விமான நிலையம்’ என்று இருந்தது. எங்கள் வீட்டில் முப்பது வருஷம் தறி ஓடியது. ஷட்டில் என்றால் எனக்கு நாடாதான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஊடை நூலை இழுத்துப் போகுமே, அந்தக் கட்டை. யாரோ மில் முதலாளி, காசு கொடுத்துப் பேர் போட்டுக்கொண்டார் போல என்று நினைத்தேன். ஓட்டல் அறையில் சும்மா தேடிப் படிக்க ஆரம்பித்தவன் இரவு இரண்டு மணி வரை தூங்கவில்லை.

மில் முதலாளி இல்லை. ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த், கறுப்பின பாப்டிஸ்ட் பாஸ்டர். 1922-ல் மவுண்ட் மெய்க்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஷட்டில்ஸ்வொர்த் என்பது மாற்றாந்தகப்பன் வழி வந்த பேர். பதினெட்டு வயதில், குடும்பமாகச் சாராயம் காய்ச்சிய வழக்கில் மாட்டி இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்திருக்கிறார். அப்புறம் மொபீல் நகரத்து விமானப்படைத் தளத்தில் லாரி ஓட்டினார். அங்கிருந்துதான் பைபிள் படிப்பு, செல்மாவில் ஒரு சபை, 1953-ல் பர்மிங்ஹாமின் வடக்கே காலேஜ்வில் பகுதியில் பெத்தேல் பாப்டிஸ்ட் சபை. பேரில்தான் காலேஜ். இரும்பாலைக்கும் குழாய் ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த இடம்.

1956 ஜூன் 1-ம் தேதி அலபாமா நீதிமன்றம் ஒன்று என்.ஏ.ஏ.சி.பி. மாநிலத்துக்குள் இயங்கவே கூடாது என்று தடை போட்டது. கறுப்பின மக்களுக்கு இருந்த பெரிய அமைப்பு அதுதான். நாலே நாளில், ஜூன் 5 அன்று, இவர் சார்டிஸ் பாப்டிஸ்ட் சர்ச்சில் கூட்டம் போட்டு, ‘மனித உரிமைகளுக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கம்’ என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்துவிட்டார். பழைய கடையைப் பூட்டினால் பக்கத்தில் புதுக் கடை.

அந்த வருஷம் டிசம்பரில் மாண்ட்கோமரி பஸ்களில் கறுப்பர் வெள்ளையர் தனித்தனி இருக்கை என்பது ஒழிந்தது. உடனே இவர், இங்கேயும் ஒழியுங்கள், இல்லாவிட்டால் 26-ம் தேதி நாங்களே ஏறி முன்னால் உட்காருவோம் என்று நகராட்சிக்குச் சொல்லிவிட்டார். 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் இரவு, சபையை ஒட்டியிருந்த பாஸ்டர் வீட்டுக்கு அடியில் டைனமைட் வைத்தார்கள். படுக்கையறைக்குக் கீழே. இவர் கட்டிலில் படுத்தபடி சபைப் பொறுப்பாளர் (டீக்கன்) ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். தரை போயிற்று, சுவர் போயிற்று, கூரை உட்கார்ந்துவிட்டது. மெத்தை மட்டும் இவருக்கு அடியில் இருந்தது. கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தார்.

வெளியே நின்ற போலீஸ்காரர் ஒருவர், ரெவரெண்ட், நானாக இருந்தால் இந்த ஊரை விட்டே போய்விடுவேன் என்றாராம். அவரே கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆள். இவர் சொன்ன பதில்: நீங்கள் நானில்லை. ஆண்டவர் இதிலிருந்தே என்னைக் காப்பாற்றினார் என்றால் நான் கடைசிவரை இங்கேதான் என்று உங்கள் கிளான் சகோதரர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை சொன்னபடி பஸ் ஏறினார். கூடவே சபை சனமும். இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள்.

இவ்வளவு நடந்த மனிதரை நான் ஒரு பலகையில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கே யாருக்காவது முன்பே தெரியுமா?

வெட்டிப்பேச்சு

நான் பாட்மிண்டன் வீரர் என்று நினைத்தேன். மன்னிக்கவும் பாஸ்டரே.

மணிக்கூண்டு

நல்ல பதிவு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எந்தப் போராட்டத்திலும் இப்படி நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரையும் நினைவில் வைக்க முடியாது, அதற்காகத்தான் ஒரு முகம் தேவைப்படுகிறது. அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டத்துக்கு அந்த முகம் மார்ட்டின் லூதர் கிங். இவர் அவருக்குத் துணையாக நின்ற உள்ளூர்த் தளபதி. அப்படிச் சொன்னால் இவருக்கு ஒன்றும் குறைவில்லையே?

பழைய பேப்பர்

மணிக்கூண்டு சார், ‘துணையாக நின்ற’ என்பதில்தான் எனக்குச் சிக்கல். பர்மிங்ஹாமில் கிங்தான் இவருக்குத் துணையாக வந்தார்.

அந்த ஊர் எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, டாமினோ, பகடை ஆடினால் குற்றம் என்று நகராட்சிச் சட்டமே இருந்தது. போலீஸ், தீயணைப்பு இரண்டுக்கும் பொறுப்பான ஆணையர் யூஜின் கானர், ஊர் முழுக்க ‘புல்’ கானர் என்று பேர். இரண்டாம் உலகப்போர் முடிந்து அடுத்த இருபது வருஷத்துக்குள் அந்த ஊரில் சுமார் 50 குண்டுவெடிப்புகள். ‘பாமிங்ஹாம்’ என்றே ஊருக்குப் பட்டப்பேர் வந்துவிட்டது. பூங்காக்களில் எல்லோரையும் விட வேண்டும் என்று ஷட்டில்ஸ்வொர்த் வழக்குப் போட்டு 1961-ல் ஜெயித்தார். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 67 பூங்காக்களையும் இழுத்துப் பூட்டிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஊஞ்சல் இல்லாமல் போனது. தனக்கு ஒரு கண் போனால் எதிராளிக்கு இரண்டு கண் போகட்டும் என்கிற கணக்கு.

அங்கே ஏழு வருஷம் தனியாக மோதிக்கொண்டிருந்தவர், 1963-ல் கிங்கை விடாமல் கூப்பிட்டு வரவழைத்தார். கிங்குக்கும் ஒரு வெற்றி தேவைப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் ஜார்ஜியாவின் ஆல்பனியில் அவர் நடத்திய போராட்டம் ஒன்றுமில்லாமல் முடிந்திருந்தது. இங்கே ஆள், சபைகள், வாரா வாரம் திங்கட்கிழமைக் கூட்டம், பாடகர் குழு எல்லாம் தயார். 1957-ல் கிங்கோடு சேர்ந்து எஸ்.சி.எல்.சி. என்ற சிவில் உரிமை அமைப்பை ஆரம்பித்தவர்களிலும் இவர் ஒருவர். 1959-லேயே கிங்குக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்: அலங்காரப் பேச்செல்லாம் முடிந்த பிறகு, இறங்கிச் செய்ய வேண்டிய கஷ்டமான வேலை அப்படியே இருக்கிறது என்ற தோரணையில். துணைத் தளபதி எழுதுகிற கடிதமா அது?

1963 மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், நாய்களை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயால் அடித்தார்கள். அந்தப் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். மே 7-ம் தேதி அந்தக் குழாய்த் தண்ணீர் ஷட்டில்ஸ்வொர்த் மேலேயே பாய்ந்தது. பதினாறாம் தெரு சர்ச் சுவரில் போய் மோதி விழுந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். புல் கானர் பத்திரிகைக்காரர்களிடம், அதைப் பார்க்க ஒரு வாரமாகக் காத்திருந்தேன், தவறவிட்டுவிட்டேனே என்று வருத்தப்பட்டார். ஆம்புலன்ஸில் போனார் என்றதும், பிண வண்டியில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர், அதை மட்டும் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஜான் ட்ரூ என்ற காப்பீட்டு நிறுவன அதிகாரியின் வீட்டில் கிங், கென்னடி அரசின் ஆட்கள், பேச்சுவார்த்தைக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். வியாபாரிகள் இறங்கி வருகிறார்கள், ஊர்வலத்தை நிறுத்திவைக்கலாம் என்று முடிவாகிவிட்டது. ஷட்டில்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில். அவரைக் கேட்கவில்லை. வலிக்கு மருந்து போட்டிருந்த நிலையிலேயே எழுந்து வந்துவிட்டார், கூட மனைவி ரூபி. கிங் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார். நிறுத்துகிறோம் என்று சொல்கிறார். மார்ட்டின், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறார் இவர். அப்புறம் வெடித்தது. நீங்கள் ஊர் ஊராகப் போய் சனத்தைக் கிளப்பிவிட்டு நடுவில் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று வெளியே பேசுகிறார்கள். இங்கே இருக்கப்போகிறவன் நான். நீங்கள் நிறுத்தினால் இருக்கிற கொஞ்ச பலத்தோடு நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போவேன். சாராம்சம் இதுதான். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை என்கிறார்கள்.

மணிக்கூண்டு

பழைய பேப்பர், இந்த அறைச் சண்டை எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி. ஆனாலும் கிங் செய்ததில் தப்பென்ன? சிறையெல்லாம் பிள்ளைகளால் நிரம்பிக் கிடக்கிறது, எந்த நேரமும் யாராவது ஒருவன் சுட்டுவிடலாம். அந்த நேரத்தில் ஒரு ஒப்பந்தம் கைக்கு வந்தால் பிடித்துக்கொள்வதுதான் தலைவன் வேலை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைக் கேட்காதது மரியாதைக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். முடிவே தவறு என்று ஆகாது.

பழைய பேப்பர்

முடிவே தவறு என்று நானும் சொல்லவில்லை. இரண்டு நாளில், மே 10 அன்று, ஒப்பந்தம் அறிவித்தபோது ஷட்டில்ஸ்வொர்த்தும் அங்கே உட்கார்ந்திருந்தார். பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் மயங்கி விழுந்தார், மறுபடி ஆஸ்பத்திரி. 90 நாளுக்குள் சாப்பாட்டு மேடை, கழிப்பறை, குடிநீர்க் குழாய், துணிக்கடையில் போட்டுப் பார்க்கும் அறை எல்லாம் பொதுவாக வேண்டும் என்று ஒப்பந்தம். எது எது என்று பாருங்கள். சட்டை வாங்கப் போனால் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். அதற்காகத்தான் இத்தனை ரத்தம்.

அன்றைக்கு மறுநாள் இரவே கிங்கின் தம்பி வீட்டிலும் கேஸ்டன் மோட்டலிலும் குண்டு. செப்டம்பர் 15-ல் அந்தப் பதினாறாம் தெரு சர்ச்சில் குண்டு வெடித்து நாலு சிறுமிகள் செத்தார்கள். உள்ளூர்க்காரர் பயந்ததில் நியாயம் இருந்தது.

கென்னடி பின்னால் வெள்ளை மாளிகையில் சிவில் உரிமைத் தலைவர்களிடம், பர்மிங்ஹாம் இல்லாவிட்டால் நாம் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம் என்றார். 1964 சிவில் உரிமைச் சட்டம் அந்த வழியாக வந்ததுதான்.

சேலத்துக்காரன்

நான் முதல் பதிவில் எழுத மறந்தது ஒன்று. எழுத மறந்தேன் என்பதைவிட எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று சொல்லி மூன்று வருஷமாகியும் பர்மிங்ஹாமில் ஒரு பெஞ்சுகூட நகரவில்லை. 1957 செப்டம்பர் 9-ம் தேதி ஷட்டில்ஸ்வொர்த் தன் இரண்டு மகள்களையும் இன்னும் இரண்டு பையன்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, வெள்ளையர் மட்டும் படித்த ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குச் சேர்க்கப் போனார். மனைவி ரூபியும் கூட. வாசலில் கும்பல் காத்திருந்தது. சைக்கிள் செயின், கைவிரலில் மாட்டும் பித்தளைக் கட்டு, தடி. இவரைக் கீழே தள்ளி அடித்தார்கள். காரிலிருந்து இறங்கிய ரூபிக்கு இடுப்பில் கத்திக்குத்து. ஒரு மகளின் கணுக்காலில் கார்க் கதவை அறைந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து காருக்கு வந்து சேர்ந்தார்.

மண்டையில் உள்காயம் ஒன்றும் இல்லையே என்று டாக்டர் ஆச்சரியப்பட்டபோது இவர் சொன்னது: நான் இருக்கப்போவது கெட்டியான ஊர் என்று ஆண்டவருக்குத் தெரியும், அதனால்தான் கெட்டியான மண்டையாகக் கொடுத்திருக்கிறார்.

அடித்தவர்களில் பாபி ஃபிராங்க் செர்ரியும் ஒருவன். ஆறு வருஷம் கழித்து அந்த நாலு சிறுமிகளைக் கொன்ற குண்டு வழக்கில் 2002-ல் தண்டனை பெற்றவன் அவன்தான். பர்மிங்ஹாமின் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் கால்வைக்க 1963 செப்டம்பர் வரை ஆயிற்று.

நாசரேத்துப் பெண்

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நான் பாஸ்டர் மகள். அப்பா ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். குருமனையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த வீடு நம் வீடு இல்லை, சபையின் வீடு. நடுராத்திரி யார் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். அப்பா எல்லோருக்கும் அப்பா, நமக்குக் கடைசியில் மிஞ்சினால்.

அதனால் இந்தக் கதையில் எனக்குக் கண்ணில் படுவது வேறு. கிறிஸ்துமஸ் ராத்திரி அந்த வீட்டுக்குள் பிள்ளைகளும் இருந்தார்கள். பாஸ்டர் அற்புதமாகத் தப்பினார் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் அடுத்த கிறிஸ்துமஸுக்கு எப்படித் தூங்கினார்கள்? ஒன்பது மாதம் கழித்து அதே பிள்ளைகளைச் செயினோடு நின்ற கும்பலுக்கு நடுவில் அவரேதான் கூட்டிக்கொண்டு போனார். 1960-ல் மூன்று பிள்ளைகள் பஸ்ஸில் பின்னால் போக மாட்டோம் என்று சொன்னதற்காக காட்ஸ்டன் என்ற ஊரில் கைதானார்கள். பிள்ளைகளாகவேதான் போராடினார்கள், சரி. அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு இருந்ததா?

ரூபி பற்றித் தேடினேன். 1941-ல் கல்யாணம். நாலு பிள்ளைகள். நர்ஸ் படிப்பை விட்டவர். கத்திக்குத்து வாங்கியவர். 1970-ல் விவாகரத்து, அடுத்த வருஷமே இறந்துபோனார். தியாகம் என்று நாம் கை தட்டும்போது யார் கணக்கில் எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? சேலத்து அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் பதிவிலேயே கத்திக்குத்து ஒரு வரி, மண்டை ஜோக் மூன்று வரி.

சேலத்துக்காரன்

எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி அக்கா.

மணிக்கூண்டு

நாசரேத்துப் பெண் சொன்னதை நான் வேறு பக்கமிருந்து சொல்கிறேன். 1961-ல் இவர் ஒஹாயோவின் சின்சினாட்டியில் ஒரு சபைக்குப் பாஸ்டராகப் போய்விட்டார். கடைசிவரை இங்கேதான் என்று போலீஸ்காரரிடம் சொன்னவர்! அங்கே 1965-ல் சபையில் பெரிய சண்டை. பணத்தைத் தன்னிஷ்டத்துக்குக் கையாளுகிறார், யாரையும் கேட்பதில்லை, சர்வாதிகாரம் பண்ணுகிறார் என்று ஒரு பிரிவு கிளம்பியது. கடைசியில் அவர் வெளியேறி 1966-ல் தனியாக ஒரு சபை ஆரம்பித்தார். வெளியே புல் கானரோடு மோதிய அதே குணம் உள்ளே சபையோடும் மோதியிருக்கிறது. கொண்டாடுவதானால் இதையும் சேர்த்துக் கொண்டாடுங்கள்.

பழைய பேப்பர்

சேர்த்தே கொண்டாடலாம், தப்பில்லை. வளைந்துகொடுக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் முதல் குண்டோடு ஊரை விட்டுப் போயிருப்பார்.

ஆனால் சின்சினாட்டி விஷயத்தில் ஒரு திருத்தம். குடும்பம் அங்கே, போராட்டம் இங்கே. இன்றைய நெடுஞ்சாலையிலேயே ஏழு மணி நேரக் கார்ப் பயணம், அன்றைக்கு இன்னும் கூட. வந்து வந்து போய்க்கொண்டிருந்தார், இயக்கத்தின் தலைவர் பதவியும் இவரிடம்தான் இருந்தது. நாம் பேசிய 1963 முழுக்க நடந்தது அவர் சின்சினாட்டிக்குப் போன பிறகு. தண்ணீர்க் குழாய் அடிபட்டதே வெளியூர்ப் பாஸ்டராகத்தான்.

சட்டப்புத்தகம்

சட்டக் கல்லூரியில் இந்தப் பேரை நான் வேறு விதத்தில் படித்தேன். அமெரிக்கச் சட்டத் தொகுப்புகளில் ‘ஷட்டில்ஸ்வொர்த் எதிர் பர்மிங்ஹாம்’ என்று ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் உண்டு. எந்த வருஷத்து ஷட்டில்ஸ்வொர்த் என்று கேட்டுத்தான் பேச வேண்டும்.

1958-ல் பள்ளிச் சேர்க்கை வழக்கு, தோற்றார். 1969 தீர்ப்புதான் பெரியது. 1963 புனித வெள்ளியன்று அனுமதி இல்லாமல் ஊர்வலம் போனதற்காக இவருக்குத் தண்டனை கொடுத்திருந்தார்கள். ஊர்வல அனுமதியை நகராட்சி தன் விருப்பப்படி கொடுக்கலாம், மறுக்கலாம் என்றிருந்த விதியே செல்லாது, எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று தெளிவான வரையறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஊர்வலம் போனது 1963-ல், நியாயம் கிடைத்தது 1969-ல். ஆறு வருஷம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அடித்தளம் என்று சொல்லப்படும் 1964-ன் ‘நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்’ வழக்கில் இவரும் பிரதிவாதி. 1960 மார்ச்சில் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் இவர் பேரையும் அபர்நாதி, லோவரி, சீ ஆகிய மூன்று அலபாமா பாஸ்டர்களின் பேரையும் கேட்காமலே போட்டுவிட்டார்கள். மாண்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவன் மானநஷ்ட வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். மேல்முறையீடு நடக்கும்போதே பாஸ்டர்களின் கார்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டைம்ஸுக்குப் பணம் இருந்தது. பாஸ்டருக்கு ஓட்ட கார் இல்லை. எழுதாத விளம்பரத்துக்காக!

வெட்டிப்பேச்சு

எனக்கும் படித்ததில் ஒரு சந்தேகம். ‘கர்னல் ஸ்டோன் ஜான்சன்’ என்று ஒருவர் இவருக்குக் காவல் இருந்தார் என்று ஓரிடத்தில் பார்த்தேன். ராணுவக் கர்னலே காவலுக்கு வந்தாரா? பெரிய இடம்தான்.

பழைய பேப்பர்

கர்னல் என்பது பதவி இல்லை, அம்மா அப்பா வைத்த பேர். ரயில்வேயில் வேலை பார்த்த தொழிலாளி. முதல் குண்டுக்குப் பிறகு சபை ஆண்கள் முறை வைத்து ராத்திரி ராத்திரி பாஸ்டர் வீட்டையும் சர்ச்சையும் காவல் காத்தார்கள். 1958 ஜூன் 29 அதிகாலை சர்ச் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த ஒரு டின்னைப் பார்த்து, ஜான்சனும் வில் ஹால் என்பவரும் அதைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் வைத்துவிட்டு ஓடினார்கள். உள்ளே டைனமைட். வெடித்தது. சர்ச் ஜன்னல்கள் போயின, கட்டடம் நின்றது. கையில் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். அந்தக் குண்டுக்காக ஜே. பி. ஸ்டோனர் என்ற வெள்ளை இனவெறி வக்கீல் 1980-ல்தான் தண்டனை பெற்றான்.

1961 மே 14-ல், பஸ்களில் நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து கிளம்பிய சுதந்திரப் பயணிகளின் பஸ்ஸை அனிஸ்டன் பக்கத்தில் கொளுத்தியபோது, ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கும்பல் நிற்க, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை மீட்க ஷட்டில்ஸ்வொர்த் கார்களைத் திரட்டி அனுப்பினார். அதிலும் ஜான்சன் போனார். அதே நாள் பர்மிங்ஹாம் பஸ் நிலையத்தில் அடிபட்ட ஜேம்ஸ் பெக் என்ற வெள்ளைக்காரப் பயணி ரத்தம் வழிய பாஸ்டர் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார். ஒரு ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ள மறுத்தது. இன்னொன்றில் 53 தையல்.

பிற்காலத்தில் ஜான்சனிடம், அகிம்சை இயக்கத்தில் இருந்துகொண்டு பாஸ்டரை எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று கேட்டார்கள். என் அகிம்சைத் துப்பாக்கியால்தான், பாயிண்ட் 38 ரகம் என்றார்.

வெட்டிப்பேச்சு

கர்னல் சாருக்கு என் சல்யூட். பதவி உயர்வு கொடுத்து ஜெனரல் ஆக்குகிறேன்.

அடையாறு ஆலமரம்

பாஸ்டர்கள் பற்றிய பேச்சு என்பதால் சொல்கிறேன். ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் போதகர் 1953-லிருந்து மூன்று வருஷம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்தார். காந்தியின் வழிமுறைகளைப் படித்துவிட்டுப் போய் நாஷ்வில் மாணவர்களுக்கு, அடித்தால் எப்படி நிற்பது, திட்டினால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று ஒத்திகையே நடத்தினார். 2024-ல்தான் 95 வயதில் இறந்தார்.

மட்டுறுத்துநர்

அருமையான ஆள், தனி இழை தொடங்குங்கள் ஆலமரம். இங்கே ஷட்டில்ஸ்வொர்த்தோடு நிற்போம்.

பழைய பேப்பர்

இவர் ஏன் தெரியாமல் போனார் என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். கடைசியில்கூட நேரம் சரியில்லை. 2011 அக்டோபர் 5-ம் தேதி, 89 வயதில் பர்மிங்ஹாமில் இறந்தார். அதே நாள் ஸ்டீவ் ஜாப்ஸும் இறந்தார். மறுநாள் உலகத்துப் பேப்பர் எல்லாவற்றிலும் ஆப்பிள்தான்.

சட்டப்புத்தகம்

சட்டத்தில் இன ஒதுக்கலைப் பற்றி எழுதிய பேராசிரியர் டெரிக் பெல்லும் அதே அக்டோபர் 5. எங்கள் பக்கத்தில் அவருக்கே இரண்டு வரிதான் கிடைத்தது.

மணிக்கூண்டு

அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. கிங் சுடப்பட்டார், இவர் பிழைத்துக் கிழவரானார். சாகாமல் இருப்பவர்களிடம் வரலாறு கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டும். 2004-ல் எஸ்.சி.எல்.சி.க்கே தலைவராக உட்காரவைத்தார்கள். சில மாதத்தில், வஞ்சகமும் அவநம்பிக்கையும் இந்த அமைப்பை அரித்துவிட்டன என்று சொல்லி ராஜினாமா செய்தார். எண்பத்திரண்டு வயதிலும் மண்டை இளகவில்லை. சரி, நான் முதலில் எழுதிய ‘துணையாக நின்ற’ என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வேறு வார்த்தை இன்னும் கிடைக்கவில்லை.

பழைய பேப்பர்

ஊர் மரியாதை செய்யாமல் இல்லை. சிவில் உரிமை நிறுவனத்தின் வாசலில் 1992-லிருந்து சிலை இருக்கிறது. 2001-ல் கிளின்டன் கையால் பதக்கம். 2007-ல் செல்மா பாலத்தில் இவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது ஒபாமா, அப்போது செனட்டர். அடுத்த வருஷம் விமான நிலையத்துக்குப் பேர். சின்சினாட்டியில் ஏழைக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்க 1988-ல் ஒரு அறக்கட்டளையும் நடத்தினார், அது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. வீட்டை இழந்தவர் வீடு வாங்கிக் கொடுத்தார் என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி இருக்கும், அதனால் எழுதவில்லை.

சேலத்துக்காரன்

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் காலேஜ்வில்லுக்குப் போனேன், அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஊரைச் சுற்றிலும் ரயில் பாதை. வாடகைக் கார் தண்டவாளத்துக்கு முன்னால் நின்றது நின்றதுதான். கூட்ஸ் வண்டி போகவும் இல்லை, நகரவும் இல்லை, குறுக்கே சும்மா நின்றது. டிரைவர் ஐம்பது வயது கறுப்பினத்தவர். இன்ஜினை அணைத்துவிட்டு, இங்கே இது தினப்படி சமாச்சாரம், சுற்றிப் போகவா என்று கேட்டார். சுற்றிப் போனோம்.

பெத்தேல் சர்ச் செங்கல் கட்டடம், நான் நினைத்ததைவிடச் சின்னது. தேசிய நினைவுச்சின்னமாக 2005-ல் அறிவித்திருக்கிறார்கள். சபை இப்போது வேறு கட்டடத்தில் கூடுகிறது. பூட்டியிருந்தது, யாரும் இல்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் குரைத்துக்கொண்டே இருந்தது. நான் தெருவின் நடுவில் போய் நின்று, சர்ச் சுவரிலிருந்து எத்தனை அடி இருக்கும் என்று காலால் அளந்து பார்த்தேன். திரி எரியும் டின்னைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம். டிரைவர் கண்ணாடியை இறக்கி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் அவரிடம் ஷட்டில்ஸ்வொர்த் பற்றிக் கேட்டேன். என் பாட்டி அவர் கூட்டத்துக்கெல்லாம் போவாள், ரொம்ப நேரம் பேசுவார் என்பாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாசரேத்துப் பெண்

அண்ணா, அங்கே பலகை, கல்வெட்டு ஏதாவது இருந்ததா? அதில் ரூபி பேர் இருந்ததா?

சேலத்துக்காரன்

பலகை இருந்தது அக்கா. போட்டோவும் எடுத்தேன், ஆனால் தூரத்திலிருந்து எடுத்தது. பெரிதாக்கினால் எழுத்து கலங்குகிறது. பாஸ்டர் பேர் மட்டும் படிக்க முடிகிறது. அடுத்த மாதம் மறுபடி போகிற வேலை இருக்கிறது, கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.